டி.வி. வாங்குமுன் கல்லாவையும் கேளுங்கள்



துவரம் பருப்பு ஒரு மூட்டை இறக்குவதென்றால் நம் கடைக்காரர் என்ன செய்வார்? கையில் அள்ளிப் பார்ப்பார். ஒன்றிரண்டைக் கடித்துப் பார்ப்பார். பழைய சரக்கா, சாயம் ஏற்றியதா என்று உரசிப் பார்ப்பார். மூட்டைக்கு இருபது ரூபாய் குறைப்பதற்காக நாலு மண்டிக்குப் போன் செய்வார். அதே கடைக்காரர் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து டி.வி. வாங்கப் போனால், ஷோரூம் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நின்று, விற்பனைப் பையன் காட்டிய பெட்டிக்குத் தலையாட்டி, தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விடுகிறார். சரக்கு வாங்குவதில் நமக்குள்ள சாமர்த்தியத்தில் பாதியை இங்கே காட்டினாலே போதும். பணமும் மிஞ்சும், நல்ல பொருளும் வீடு வந்து சேரும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

சென்னீர்குப்பத்திலும், பூந்தமல்லி – ஆவடி சாலை நெடுகிலும், அம்பத்தூர் வரையிலும் மளிகை, காய்கறி, அரிசிக் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு வீடும் கடையும் ஒரே பணப்பெட்டி. மாதச் சம்பளக்காரர் டி.வி. வாங்கினால் அது அவர் சம்பளத்தில் போகும் செலவு. நாம் வாங்கினால் பெரும்பாலும் சரக்கு முதலில் கை வைக்கிறோம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெட்டி வந்த கதை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. சாலிடேர், டயனோரா என்று நம் ஊர்ப் பெயர்கள் வீட்டுக்கு வீடு இருந்த காலம் ஒன்று உண்டு. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கே கூடும். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தபின் கேபிள் இல்லாத வீடு குறைந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு 14 அங்குல இலவசக் கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கி, 2011 வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டி வழங்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் தீர்ப்பானது.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. டி.வி. என்பது இன்று கௌரவப் பொருள் அல்ல. வீட்டுக்கு வீடு இருக்கிற சாதாரணப் பொருள். பக்கத்து வீட்டில் 55 அங்குலம் மாட்டியிருப்பதால் நமக்கும் அது வேண்டும் என்கிற கணக்கு, எதிர்க்கடையில் பத்து மூட்டை அடுக்கியிருப்பதால் நாமும் விற்காத சரக்கை அடுக்குவது போன்றது.

தீபாவளியில் வாங்க வேண்டாம்

என் முதல் கருத்து பலருக்குக் கசக்கும். நம் தொழிலில் இருப்பவர்கள் தீபாவளிக்கு டி.வி. வாங்கக் கூடாது.

போனஸ் வாங்கும் ஊழியருக்குத் தீபாவளி சரியான நேரம். அப்போதுதான் அவர் கையில் பணம் வருகிறது. நமக்கோ அப்போதுதான் பணம் வேலை செய்கிறது. எண்ணெய், மைதா, சர்க்கரை, கடலை மாவு, நெய் என்று சரக்கு இறக்க ரொக்கம் தேவைப்படும் மாதம் அது. ஒரு கணக்குப் போடுங்கள். 30,000 ரூபாய்ச் சரக்கு மாதத்தில் இரண்டு முறை சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 6 ரூபாய் நிற்கிறதென்றால் மாதம் 3,600 ரூபாய். அந்த முப்பதாயிரத்தைப் பெட்டியாக்கிச் சுவரில் மாட்டிவிட்டால், கடைக்காரர் கொடுத்த 2,000 ரூபாய்த் தள்ளுபடி எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. அதோடு, கேட்ட சரக்கு இல்லையென்று திரும்பிப் போன வாடிக்கையாளர் எல்லாரும் மறுபடி வருவார்கள் என்பதும் நிச்சயமில்லை.

தள்ளுபடி தீபாவளியோடு முடிவதுமில்லை. ஆடித் தள்ளுபடி உண்டு. குடியரசு தின விற்பனை உண்டு. புது மாடல் வரும்போது பழைய மாடலை ஒழித்துக்கட்டும் விற்பனையும் உண்டு. பொங்கல் முடிந்து பற்று வரவு பார்த்து, பாக்கி வசூலானபின் மிஞ்சுகிற பணத்தில் வாங்குங்கள். இன்னொரு விதமாகவும் எண்ணிப் பாருங்கள். எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கும் கடையில், 40,000 ரூபாய் டி.வி. என்பது 8 லட்சம் ரூபாய் வியாபாரத்தின் லாபம். அத்தனை வியாபாரத்துக்கு எத்தனை நாள் ஷட்டர் தூக்க வேண்டும் என்பதை உங்கள் கணக்கு நோட்டே சொல்லும்.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது இரவு பத்தரை ஆகிறது. பெட்டியைப் பார்ப்பது வீட்டிலுள்ளவர்கள். மதியம் கல்லாவில் உட்கார்ந்து நமக்குச் சாப்பாட்டு நேரம் கொடுக்கும் வீட்டம்மாவுக்கும், லீவு நாளில் பொட்டலம் மடிக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு. பார்க்கிறவர்கள் யார், என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டு வாங்கினால் போதும்.

எத்தனை அங்குலம்?

அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. 32 அங்குலப் பெட்டியின் அகலம் சுமார் 71 செ.மீ., 43 அங்குலத்துக்குச் சுமார் 95 செ.மீ., 55 அங்குலத்துக்குச் சுமார் 122 செ.மீ. முதலில் இஞ்ச் டேப் எடுத்துச் சுவரை அளங்கள். பிறகு உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை தூரம் இருந்தால் பார்ப்பதற்குச் சௌகரியம். அதன்படி 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி முதல் ஒன்பது அடி வரை. நம் பக்கத்து வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் 43 அங்குலமே தாராளம். படுக்கையறைக்கோ, கடைக்குப் பின்னுள்ள அறைக்கோ 32 போதும்.

இன்னொரு விஷயத்தை விற்பனைப் பையன் சொல்ல மாட்டார். ஷோரூமில் ஓடுவது கம்பெனி தந்த 4 கே படம். நம் வீட்டில் ஓடப் போவது அரசு கேபிளோ, தனியார் கேபிளோ தரும் செட்டாப் பாக்ஸ் படம். அது சாதாரண எஸ்.டி. பாக்ஸ் என்றால், 55 அங்குலத்தில் இழுத்துப் போட்டதும் முகமெல்லாம் மங்கலாகத் தெரியும். பெரிய பெட்டி வாங்குகிறவர் எச்.டி. இணைப்புக்கும் இண்டர்நெட்டுக்கும் மாதாமாதம் ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சாம்பிள் பார்ப்பது எப்படி?

மண்டியில் சாம்பிள் பார்க்காமல் வாங்குகிறோமா? இங்கேயும் பாருங்கள்.

ஷோரூம் பெட்டிகளை வெளிச்சம் அதிகமாக, நிறம் தூக்கலாக வைத்திருப்பார்கள். வீட்டுக்குரிய சாதாரண நிலைக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். கேபிள் சானலில் செய்தி போடச் சொல்லுங்கள். வாசிப்பவர் முகம் மஞ்சளடிக்காமல், சிவக்காமல் தோல் நிறத்திலேயே தெரிய வேண்டும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில பெட்டிகளில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். வேறு சிலவற்றில் கறுப்பு சற்றுச் சாம்பல்தான், ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். ஹாலில் தரையிலும் திண்ணையிலுமாக ஆறு பேர் உட்காரும் குடும்பத்துக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

ஸ்மார்ட் டி.வி. என்றால் அதிலுள்ள செயலிகளைக் காட்டி மயக்குவார்கள். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாலைந்து ஆண்டில் அந்த மென்பொருள் பழையதாகி ஓட்டம் மந்தமாகிவிடலாம். அப்போது சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் பெட்டி மறுபடி புதிதாகிவிடும். படத்திரை அப்படியல்ல. அது போனால் மாற்றும் செலவு புதுப்பெட்டி விலையை நெருங்கும். ஆகவே பணத்தைத் திரையில் போடுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் குறைந்து வருகிறது. கோடக், தாம்சன் பெயர்களில் இங்கே விற்கும் டி.வி.களைத் தயாரிப்பது நொய்டாவைச் சேர்ந்த ஓர் இந்தியக் கம்பெனி. பெயர் மட்டும் உரிமம் பெற்று வந்தது. தோஷிபா டி.வி. தொழிலை 2018-ல் சீனத்து ஹைசென்ஸ் எடுத்துக்கொண்டது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் பழைய பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு காலத்தில் நாடெங்கும் விற்ற வீடியோகான் கம்பெனியே 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கம்பெனி நின்றால்தான் வாரண்டி நிற்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பூந்தமல்லிக்கோ ஆவடிக்கோ சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருவார்?" கடைக்காரர் சொல்வதோடு விடாமல், அந்தப் பெட்டியை வாங்கிய இரண்டு வீட்டாரைக் கேளுங்கள்.

சத்தமும் சாக்கு எடையும்

இன்றைய டி.வி. அட்டை போல் மெலிந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு இடமில்லை. கீழ்நோக்கியோ பின்நோக்கியோ சிறிய ஸ்பீக்கர் வைக்கிறார்கள். அதனால்தான் படம் தெளிவாக இருந்தும் பேச்சு புரியாமல் பெரியவர்கள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆகவே வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒலிக்கு ஒதுக்குங்கள். 25,000 ரூபாய் திட்டமென்றால் 18,500-க்குள் டி.வி., 5,000-க்குள் சவுண்ட் பார் அல்லது 2.1 ஸ்பீக்கர், மீதி சுவர் மாட்டும் கூலிக்கும் வயருக்கும். டி.வி.யில் ஓர் அளவு குறைத்து ஒலியில் போட்டால் வீட்டில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஏமாறும் இடம் வாட் கணக்கு. முன்பெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரும் உச்சக் கணக்கு. தொடர்ந்து தரும் சக்தியை ஆர்.எம்.எஸ். என்பார்கள். முன்னது சாக்கோடு சேர்த்துப் போட்ட எடை, பின்னது நிகர எடை. நிகர எடை கேட்காமல் நாம் சரக்கு வாங்குவதுண்டா? நடுத்தர ஹாலுக்கு 40 முதல் 80 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

வாங்குமுன் இரண்டு பேர் பேசும் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். குத்துப்பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். தாழ்ந்த குரலில் பேசும் வசனம் புரிகிறதா என்பதே பரீட்சை. டி.வி.யின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா, சவுண்ட் பாரிலும் அதே வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் ஒரே வயரில் வேலை முடியும், ஒரே ரிமோட்டில் சத்தம் கூடும் குறையும்.

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் சும்மா கிடந்தால் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். ரிச்சி தெருவில் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.வி.யின் ஒலியை அதன் வழியே பழைய செட்டுக்குக் கொடுக்கலாம். பல புதிய மலிவு ஸ்பீக்கர்களைவிட அந்த மரப்பெட்டி நன்றாகப் பாடும்.

வட்டியில்லாத் தவணை?

"வட்டியே இல்லை சார்" என்பார்கள். வட்டிக்கடை தெரிந்த நம்மிடமா? பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லித்தான் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளைக் கண்டித்தது. இன்று வேறு பெயரில் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பெட்டியின் விலை 24,000. மாதம் 4,000 வீதம் ஆறு தவணை. கணக்குச் சரிதானே என்று தோன்றும். அதே பெட்டியை ரொக்கமாகக் கேட்டால் 22,500-க்குத் தருகிறார் என்று வையுங்கள். தவணைக்காரரிடம் நடைமுறைக் கட்டணம், அதற்கு வரி என்று 235 ரூபாய் வேறு. ஆக 1,735 ரூபாய் கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், இது மாதத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் 20 காசு வட்டி. வட்டியில்லை என்று சொல்லி இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். எனவே தவணை விலையைக் கேட்குமுன் ரொக்க விலையைக் கேளுங்கள். இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருந்து, கட்டணமும் இல்லையென்றால் தவணையில் வாங்கலாம். கைப்பணம் சரக்கில் சுழலட்டும்.

பழைய பெட்டி மாற்றும் திட்டத்திலும் இதே தந்திரம். பழையதற்கு 3,000 தருகிறேன் என்பவரிடம், "பழையது தரவில்லையென்றால் புதியது என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள்.

பில்லும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவு டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 32 அங்குலத்துக்கு மேற்பட்டதற்கு 28 சதவீதம் இருந்தது. அடக்க விலை மாறாதென்றால், முன்பு 32,000-க்கு விற்ற 43 அங்குலப் பெட்டி 29,500-க்கு வர வேண்டும். 32 அங்குலத்துக்கு 2019-லிருந்தே 18 சதவீதம்தான். ஆகவே "வரி குறைந்ததால் இந்த விலை" என்று 32 அங்குலப் பெட்டியைக் காட்டினால் நம்பாதீர்கள்.

நம்மில் சிலர் வீட்டு டி.வி.யைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு வரியைத் திரும்ப எடுக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது. ஆய்வில் சிக்கினால் வரியும் வட்டியும் தண்டமும் கட்ட நேரும். கடையில் தொழிலுக்கென்று மாட்டினால் எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு எதற்கும் கிடையாது. இன்னொன்று, வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. பிழைப்புக்கான சுயதொழிலுக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டுப் பெட்டிக்கு வீட்டுப் பெயரில் பில் வாங்குங்கள். பில்லில் பெட்டியின் சீரியல் எண் இருக்கட்டும். பழுதாகி வராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம்.

ஸ்டெபிலைசர் விற்பார்கள். டி.வி.யின் பின்புறம் 100 – 240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் வீட்டின் எர்த்திங்கைச் சரி பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் புயல் மழையையும் கண்ட நம் புறநகர்வாசிகள் பெட்டியைத் தாழ்ந்த மேசையில் வைக்காமல் சுவரில் மாட்டுவதே புத்திசாலித்தனம்.

எங்கே வாங்குவது?

மே 5 வணிகர் தினத்தில் மேடை போட்டு ஆன்லைன் வணிகம் சில்லறைக் கடைகளை அழிக்கிறது என்று பேசுகிறோம். அண்ணாச்சி கடையில் வாங்குங்கள் என்று மக்களைக் கேட்கிறோம். பிறகு நாமே செல்போனில் டி.வி.க்கு ஆர்டர் போட்டால், நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? பூந்தமல்லியில் டி.வி. கடை வைத்திருப்பவரும் நம் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கத்தின் உறுப்பினர்தான். அவர் வீட்டு மளிகை நம் கடையிலிருந்துதான் போகிறது.

அதற்காக அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆன்லைன் விலையை அவரிடமே காட்டுங்கள். வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் அவரிடமே வாங்குங்கள். வந்து மாட்டித் தருவதற்கும், பழுதானால் போய்க் கேட்க ஒரு முகம் இருப்பதற்கும் அந்தப் பணம் தகும். நாலாயிரம், ஐயாயிரம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இறங்கி வருவதும் வராததும் அவர் முடிவு. நம் வாடிக்கையாளரும் நம்மிடம் அப்படி நேராகக் கேட்டால் நமக்கு நல்லதுதானே? சொல்லாமல் கொள்ளாமல் போகிறவரிடம் நாம் எதையும் திருத்திக்கொள்ள முடியாது.

இந்த ஆண்டு டி.வி. வாங்க நினைக்கும் உறுப்பினர்கள் தீபாவளிச் சரக்கை முதலில் இறக்குங்கள். வியாபாரத்தை முடியுங்கள். பாக்கிகளை வசூல் செய்யுங்கள். கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். தை மாதம் கணக்கு முடித்து மிஞ்சிய பணத்தோடு, கையில் இஞ்ச் டேப்பையும், கூடவே வீட்டிலுள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ரொக்கம் வைத்திருக்கும் வியாபாரியிடம் பேரம் பேசுவது எந்த விற்பனையாளருக்கும் சுலபமல்ல என்பது நமக்குத் தெரியாததா?